பேப்பரிலிருந்து போனுக்கு: மக்கள் தொடர்பு பற்றி டர்பனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் கொஞ்ச காலம், அப்புறம் கோயில்களுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் குடும்பக் கடைகளுக்கும் மக்கள் தொடர்பு வேலை பல வருடம் என்று என் பிழைப்பு ஓடியிருக்கிறது. ஃபேக்ஸ் மெஷினில் தாள் சிக்கிய காலத்தையும் பார்த்தேன், நடு ராத்திரியில் வாட்ஸ்அப் குரூப் அலறுகிற காலத்தையும் பார்க்கிறேன். சாட்ஸ்வொர்த்தில் ஒருவர் கேட்ட சந்தேகத்தையே அடுத்த வாரம் வெருளத்தில் இன்னொருவர் கேட்கிறார். அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

மக்கள் தொடர்புன்னா விளம்பரம்தானே? ஒரே விஷயத்துக்கு எதுக்கு ரெண்டு பேரு?

விளம்பரத்தில் இடத்தைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். அங்கே என்ன எழுதுவது என்பது உங்கள் இஷ்டம். மக்கள் தொடர்பில் காசு இல்லை, அதனால் அதிகாரமும் இல்லை. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறீர்கள். பத்திரிகையில் கால் பக்கம் வாங்கி ‘அனைவரும் வருக’ என்று போட்டால் அது விளம்பரம். விடியற்காலை மூன்று மணிக்கு வந்து கூழ் காய்ச்சுகிற அம்மாக்களைப் பற்றி நிருபரிடம் சொல்லி, அவருக்குப் பிடித்துப்போய் அவரே எழுதினால் அது மக்கள் தொடர்பு. கூழில் உப்பு குறைவு என்று அவர் எழுதினாலும் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

பத்திரிகை அதில் ஒரு பகுதிதான். திருவிழாவுக்கு முன்னால் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு, ‘இந்த இரண்டு இரவு மேளச் சத்தம் இருக்கும், பத்து மணிக்கு நிறுத்திவிடுவோம்’ என்று ஒரு தாள் கொடுப்பதும் மக்கள் தொடர்புதான். என்னைக் கேட்டால் அதுதான் முதல் வேலை. பல கமிட்டிகள் அதை விட்டுவிட்டு நேரே பேஸ்புக்குக்குப் போய்விடுகின்றன.

பழைய முறை, டிஜிட்டல் முறைங்கறீங்களே, அப்படி என்னதான் மாறிச்சு?

1906 அக்டோபரில் அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி பக்கம் ஒரு ரயில் விபத்து. பென்சில்வேனியா ரயில்வேக்கு வேலை செய்த ஐவி லீ அதை மூடி மறைக்காமல், நடந்ததைத் தானே எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். செய்திக்குறிப்பு என்பது அங்கே தொடங்கியதாகத்தான் பரவலாகச் சொல்வார்கள். அதற்கப்புறம் ஏறக்குறைய நூறு வருடம் இந்தத் தொழில் அதே வழியில் ஓடியது. நீங்கள் எழுதுவீர்கள், நிருபர் படிப்பார், சந்தேகம் இருந்தால் போன் செய்வார், ஆசிரியர் வெட்டுவார், மக்கள் மறுநாளோ மறுவாரமோ படிப்பார்கள்.

இப்போது நடுவில் இருந்த அந்த இரண்டு பேரும் இல்லாமலே உங்கள் வார்த்தை மக்களிடம் போகிறது. சுதந்திரம்தான், ஆனால் ஒரு விலை உண்டு. ‘என்னப்பா, 14ஆம் தேதி சனிக்கிழமையா? காலண்டரைப் பாரு’ என்று திட்டுவதற்கு ஆள் இல்லை. அந்த ஆசிரியரின் வேலையை இனி நீங்களே செய்ய வேண்டும். கீழே பல பதில்களில் இங்கேதான் திரும்பி வருவேன்.

இன்னொரு மாற்றம், மக்கள் திருப்பிப் பேசுகிறார்கள். அந்தக் காலத்தில் ‘ஆசிரியருக்குக் கடிதம்’ எழுத ஒரு தபால்தலை வேண்டும், கொஞ்சம் கோபமும் மிச்சம் இருக்க வேண்டும். இப்போது கோபம் மட்டும் போதும்.

நம்ம ஜனங்க பேப்பரும் ரேடியோவும்தான். எங்களுக்கு எதுக்கு இந்தப் புதுசெல்லாம்?

நம் ஜனங்கள் புதுசுக்குப் பயந்தவர்கள் இல்லை. 1860 நவம்பர் 16ஆம் தேதி, முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களோடு ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது. அதிலிருந்து 43 வருடத்தில், 1903இல், டர்பனில் இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகை ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழியில் வெளிவந்தது. 1908இல் பி.எஸ். ஐயர் ஆப்ரிக்கன் குரோனிக்கிளைத் தமிழும் ஆங்கிலமுமாக நடத்தினார். 1983இல் ரேடியோ லோட்டஸ் வந்தது, பிற்பாடு லோட்டஸ் எஃப்எம் ஆனது. ஒவ்வொரு முறையும் புது வழியில் ஏறிக்கொண்டோம். இது அடுத்தது, அவ்வளவுதான்.

நம்பாவிட்டால் ஒரு சோதனை செய்து பாருங்கள். அடுத்த காவடிக்குக் கோயில் வாசலில் ஒரு பிள்ளையை நிறுத்தி, ‘எப்படித் தெரிந்து வந்தீர்கள்?’ என்று ஒரு மணி நேரம் கேட்கச் சொல்லுங்கள். நான் செய்ய வைத்த இடங்களில் பெரியவர்கள் ரேடியோ என்றார்கள், நடுவயதுக்காரர்கள் வாட்ஸ்அப் என்றார்கள், இளசுகள் ‘கூகுளில் நேரம் பார்த்தேன்’ என்றார்கள். உங்கள் கோயிலில் வேறு மாதிரி வரலாம். வந்த கணக்கை வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

அப்ப பேப்பரை விட்டுடலாமா?

கூடாது. பத்திரிகையில் வந்த செய்திக்கு இன்னும் ஒரு மதிப்பு இருக்கிறது. அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்களே, ஏன்? ‘நாங்களே சொல்லிக்கொள்ளவில்லை, மற்றவர் சொன்னார்’ என்பதற்கு அதுதான் அத்தாட்சி. சமூக வாரப் பத்திரிகைகளும் வீட்டுக்கு வீடு போடுகிற வட்டார இதழ்களும் நம் பகுதிகளில் இன்னும் படிக்கப்படுகின்றன. அவற்றின் இணையப் பக்கங்கள் கூகுளிலும் மேலே வருகின்றன.

ஆனால் பத்திரிகை அலுவலகங்களில் ஆள் குறைந்துவிட்டது. முன்பு ஐந்து பேர் பார்த்த வேலையை இப்போது இரண்டு பேர் பார்க்கிறார்கள். நீங்கள் அனுப்புவதைச் சரிபார்க்க அவர்களுக்கு நேரம் இல்லாததால், பல சமயம் அப்படியே போட்டுவிடுகிறார்கள். கமிட்டிகள் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுகின்றன. எனக்குப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் உங்கள் தப்பும் அப்படியே அச்சாகிறது.

செய்திக்குறிப்பு இன்னும் எழுதணுமா? போஸ்டரை அனுப்பினா ஆகாதா?

எழுதுங்கள். போஸ்டர் மட்டும் அனுப்புவதுதான் நான் பார்க்கிற தப்புகளில் முதல் இடம் பிடிப்பது. தேதி, இடம், நேரம், சிறப்பு விருந்தினர் எல்லாவற்றையும் ஒரு படத்துக்குள் அடைத்து, பின்னால் முருகனையும் மயிலையும் வைத்து, ஓரத்தில் பதினாறு கமிட்டி உறுப்பினர்களின் முகத்தையும் வைத்துவிடுகிறார்கள். நிருபர் அதிலிருந்து ஒரு வரியை எடுத்து ஒட்ட முடியாது. கண் தெரியாதவரின் போன் அதைப் படித்துச் சொல்லத் திணறும். கூகுளும் படத்துக்குள் இருக்கும் எழுத்தை உங்கள் பக்கத்தில் எழுதியிருக்கும் வரி மாதிரி நம்பாது.

மின்னஞ்சலின் தலைப்பிலேயே செய்தி இருக்க வேண்டும். ‘பிரசுரத்துக்கு’ என்று மட்டும் போட்டால் அது திறக்காமலே கிடக்கும். குறிப்பை இணைப்பாக வைக்காமல் மின்னஞ்சலுக்குள்ளேயே ஒட்டுங்கள். முதல் பத்தியில் யார், என்ன, எங்கே, எப்போது, எதற்காக. தலைவர் உரை, செயலாளர் நன்றியுரை எல்லாம் கடைசிக்குப் போகட்டும், போகாமலே இருந்தாலும் நல்லது. இரண்டு மூன்று நல்ல படங்களைத் தனியாகச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் இடமிருந்து வலமாக யார் யார் என்று எழுதுங்கள். பெயர் தப்பாகப் போட்ட பத்திரிகையை நம் ஜனங்கள் மூன்று தலைமுறைக்கு மன்னிக்க மாட்டார்கள். கேட்டால் எடுத்துப் பேசுகிற ஒருவரின் போன் எண்ணும் வேண்டும்.

அதே குறிப்பை உங்கள் சொந்தப் பக்கத்திலும் போட்டுவிடுங்கள். நிருபர் படிக்கவில்லை என்றாலும் தேடி வருகிறவர் படிப்பார்.

வாட்ஸ்அப் குரூப்ல போட்டாச்சு. அது போதாதா?

வேகத்துக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை. நினைவுக்கு அது உதவாது. ஒரு கோயிலில் ஒரு வருடம் தைப்பூசத்துக்கு முந்தைய வருடப் போஸ்டர் சுற்றத் தொடங்கியது. அதில் வருடம் போடவில்லை, மாதமும் தேதியும் மட்டும்தான். வெளியூரிலிருந்து இரண்டு குடும்பங்கள் பால்குடம் எடுக்கப் பல நாள் முன்னதாகவே வந்து இறங்கிவிட்டன. அந்தப் போஸ்டரைச் சரிபார்த்துக் கொடுத்ததே நான்தான். அன்றிலிருந்து வருடம் போடாமல் எதையும் வெளியே விடுவதில்லை.

அதன் இயல்பையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு குரூப்பில் 1024 பேர் வரை. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற ஒளிபரப்புப் பட்டியலில் 256 பேர் வரை. அதிலும் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்குத்தான் போய்ச் சேரும். 2020 ஏப்ரலிலிருந்து, பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரு அரட்டைக்குத்தான் தள்ள முடியும். ‘அனுப்பினேன், யாருமே பார்க்கலை’ என்கிற புலம்பலுக்குப் பாதிக் காரணம் இதில் இருக்கிறது.

நம் நாட்டுக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. பலர் வாட்ஸ்அப்புக்கு மட்டும் டேட்டா வாங்குகிறார்கள். வெளியே போகிற லிங்க்கைத் தொட்டால் அவர்களுக்குக் காசு கரையும், அதனால் தொட மாட்டார்கள். முக்கியமான தகவலைச் செய்திக்குள்ளேயே எழுதுங்கள். லிங்க் கூடுதல் விவரத்துக்கு மட்டும் இருக்கட்டும்.

பக்தர்களோட நம்பர் 3000 எங்ககிட்ட இருக்கு. நன்கொடை கேட்டு எல்லாருக்கும் அனுப்பலாமா?

கொஞ்சம் நில்லுங்கள். நம் நாட்டில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எல்லாரும் போப்பியா என்கிறார்கள். 2013ஆம் ஆண்டின் 4ஆம் சட்டம். 2020 ஜூலை 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது, ஒரு வருட அவகாசம் போக 2021 ஜூலையிலிருந்து முழுதாகப் பிடிக்கிறது. ‘நாங்கள் வியாபாரம் செய்யவில்லையே, கோயில்தானே’ என்பார்கள். அந்தச் சட்டம் ‘நேரடிச் சந்தைப்படுத்தல்’ என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே, எந்தக் காரணத்துக்காகவும் நன்கொடை கேட்பதும் அடக்கம். அதன் 69ஆம் பிரிவுப்படி மின்னஞ்சல், குறுஞ்செய்தி போன்றவற்றில் அப்படிக் கேட்கப் பொதுவாகச் சம்மதம் வேண்டும். சம்மதம் கேட்பதே ஒரு முறைதான், மறுத்தவரைத் திரும்பத் தட்டக் கூடாது.

ஒருவருடைய மதம் என்பது இந்தச் சட்டத்தில் தனிக் கவனம் பெற்ற தகவல். கோயில் தன் உறுப்பினர்களைப் பற்றி அதை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவர்கள் சம்மதம் இல்லாமல் வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது. கமிட்டியில் இருக்கிற இன்சூரன்ஸ் ஏஜென்டுக்கு அந்த 3000 நம்பரைக் கொடுத்த கதை ஒன்று எனக்குத் தெரியும். நிர்வாக அபராதம் ஒரு கோடி ராண்ட் வரை போகலாம் என்று நான் சொன்னபோதுதான் அந்த அறை அமைதியானது.

வழி கஷ்டமானதில்லை. அர்ச்சனைச் சீட்டு எழுதும் இடத்தில் ஒரு நோட்டு வையுங்கள். பெயர், நம்பர், எதற்கெல்லாம் செய்தி அனுப்பலாம் என்ற கட்டம், கையெழுத்து. ஒவ்வொரு செய்தியின் அடியிலும் ‘வேண்டாம் என்றால் இப்படிச் சொல்லுங்கள்’ என்று ஒரு வரி. பட்டியல் 3000 இலிருந்து 900 ஆகலாம். அந்த 900 பேர் கேட்டு வாங்கினவர்கள்.

பிள்ளைங்க காவடி எடுக்கற போட்டோவைப் போடலாமா?

மேலே சொன்ன சட்டம் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கடுமை. பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதிக்க வேண்டும். காவடிக்குப் பதிவு செய்யும் தாளிலேயே அதற்கும் ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

பெரியவர்கள் அலகு குத்திய படத்துக்கு நான் சட்டத்தைச் சொல்ல மாட்டேன், நிதானத்தைச் சொல்வேன். முன்பு அந்தப் படம் நம்மவர் படிக்கும் பத்திரிகையில் வந்தது, பார்த்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். இப்போது அது கேப் டவுனில் ஒன்றும் தெரியாத ஒருவர் கண்ணில் படுகிறது, கீழே அசிங்கமாக எழுதுகிறார், விரதம் இருந்த அந்தப் பையன் அதைப் படிக்கிறான். படத்தோடு நாலு வரி விளக்கம் போடுங்கள். அவனிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பேஸ்புக்ல லைக் குவியுது. வேலை நல்லா நடக்குதுன்னுதானே அர்த்தம்?

லைக் குவிகிறது என்று அர்த்தம். பழைய ஆட்களான நாங்களும் யோக்கியம் இல்லை. வெட்டிய செய்தியை ஸ்கேல் வைத்து அளந்து, ‘இதே இடத்துக்கு விளம்பரம் என்றால் இவ்வளவு ராண்ட் ஆகியிருக்கும்’ என்று கணக்குக் காட்டிச் சம்பளம் வாங்கினோம். 2010இல் பார்சிலோனாவில் கூடிய அளவீட்டு வல்லுநர்கள், அந்தக் கணக்கு மக்கள் தொடர்பின் மதிப்பைக் காட்டாது என்று எழுதியே வைத்துவிட்டார்கள். லைக் எண்ணுவது அந்த ஸ்கேலின் பேரப்பிள்ளை.

ரத்ததான முகாம் என்றால் எத்தனை பேர் வந்து கை நீட்டினார்கள், தமிழ் வகுப்பு என்றால் எத்தனை பிள்ளைகள் சேர்ந்து மூன்றாம் மாதமும் வந்தார்கள், கடை என்றால் ‘எங்கே பார்த்தீர்கள்’ என்ற கேள்விக்கு என்ன பதில். அதை எண்ணுங்கள்.

இன்ஸ்டாவில பிரபலமான ஒருத்தர் பத்தாயிரம் கொடுத்தா எங்க ஸ்வீட் கடையைப் பத்திப் போடறேங்கறார். சரிதானா?

கொடுக்கலாம், அப்போது அது விளம்பரம். முதல் கேள்விக்குச் சொன்ன பதில்தான். நம் நாட்டு விளம்பர ஒழுங்குமுறை வாரியத்தின் சமூக ஊடக விதிகள் 2019இலிருந்து இருக்கின்றன. காசோ பொருளோ வாங்கிக்கொண்டு போட்டால் ‘விளம்பரம்’ என்று தெளிவாகக் காட்ட வேண்டும். இலவசமாகக் கொடுத்த தீபாவளிப் பலகாரப் பெட்டியும் பொருள்தான்.

கூகுள்ல கடை பேரைத் தேடினா அஞ்சு வருஷத்துப் பழைய புகார்தான் முதல்ல நிக்குது. எடுக்க முடியுமா?

உண்மையான புகாரை எடுக்க முடியாது. எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்கிறவரிடம் போகாதீர்கள். அதற்குக் கீழே பதில் எழுதுங்கள், ஐந்து வருடம் கழித்தாவது. ‘அன்று தப்பு எங்கள் பக்கம், பிரியாணி தாமதமானது, இப்போது ஆர்டருக்கு நேரம் எழுதித் தருகிறோம்’ என்று இரண்டு வரி. அடுத்து படிக்கிறவர் புகாரைவிடப் பதிலைத்தான் பார்ப்பார். அப்புறம் திருப்தியான வாடிக்கையாளர்களிடம் எழுதச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை, அதற்குக் காசோ தள்ளுபடியோ கொடுப்பதுதான் தப்பு.

பத்திரிகையில் உங்களைப் பற்றித் தப்பாக வந்து அது கூகுளில் நின்றுகொண்டிருந்தால் வேறு வழி. முதலில் ஆசிரியரிடம் பேசுங்கள். ஒத்துவராவிட்டால், அந்தப் பத்திரிகை தென்னாப்பிரிக்கப் பத்திரிகைக் கவுன்சிலின் கீழ் வருவதென்றால் அங்கே புகார் கொடுக்கலாம், செலவில்லை. பிரசுரமான 20 வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். ‘பொங்கல் போகட்டும் பார்க்கலாம்’ என்று இருந்தால் நாள் போய்விடும்.

நாமே நாலு கணக்கு தொடங்கி நம்மளைப் பத்தி நல்லா எழுதிக்கிட்டா யாருக்குத் தெரியப்போகுது?

லண்டனில் பெல் பாட்டிஞ்சர் என்று உலகப் பெயர் பெற்ற மக்கள் தொடர்பு நிறுவனம் இருந்தது. அன்றைய அதிபர் ஜூமாவுக்கு நெருக்கமான தொழிலதிபர்கள் குப்தா குடும்பம். 2016இல் அவர்களின் ஓக்பே நிறுவனத்துக்காக இங்கே வேலைக்கு வந்தது. குப்தாக்கள் மீதான கேள்விகள் சூடுபிடித்த நேரத்தில், ‘பொருளாதார நிறவெறி’ என்ற பேச்சை முன்னால் நிறுத்தி ஒரு பிரசாரம் ஓடியது. குப்தாக்களுக்கு ஆதரவாகப் போலி ட்விட்டர் கணக்குகளும் அந்தக் காலத்தில் கூட்டமாகக் கூவின. நிறத்தால் ஏற்கனவே ரணமான நாடு இது, அந்தக் காயத்தில் விரலை விட்டார்கள். அன்று எதிர்க்கட்சியாக இருந்த ஜனநாயகக் கூட்டணி பிரிட்டனின் மக்கள் தொடர்புத் தொழில் சங்கத்திடம் புகார் கொடுத்தது. 2017 செப்டம்பர் 4ஆம் தேதி அந்த நிறுவனத்தைச் சங்கத்திலிருந்து வெளியேற்றினார்கள், ஐந்து வருடத்துக்கு. வாடிக்கையாளர்கள் ஓடினார்கள். செப்டம்பர் 12ஆம் தேதி நிறுவனம் திவால் நிர்வாகத்துக்குப் போய்விட்டது. எட்டே நாள்.

அவர்களிடம் பெரிய வக்கீல்களும் கெட்டிக்கார இளைஞர்களும் இருந்தார்கள். உங்களிடம் மருமகனின் பழைய போன் இருக்கிறது. அதுவும் நம் ஊரில், எழுதுகிற நடையைப் பார்த்தே ‘இது செயலாளர் எழுதினது’ என்று இரண்டாவது வரியில் பிடித்துவிடுவார்கள்.

தமிழ்ல போடறதா இங்கிலீஷ்லயா?

நம்மில் பெரும்பாலானவர்கள் ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள், மறைக்க ஒன்றுமில்லை. தகவல் ஆங்கிலத்தில், தலைப்பிலாவது தமிழ் எழுத்து. அந்த ஒரு வரிக்காகவே போனைப் பேத்தியிடம் கொடுத்து ‘வாசி’ என்கிற பாட்டிகள் இருக்கிறார்கள். அக்கம்பக்கத்துக்குப் போகிற தாள் என்றால் ஜூலு மொழியிலும் போடுங்கள்.

தமிழ் வரியை யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பினால் அடுத்தவர் போனில் ஆங்கிலக் கொத்துக்கறியாகத் தெரியும். இன்னொன்று, காவடியை ஆங்கிலத்தில் நாம் எழுதுகிற விதம். முதல் எழுத்து சிலருக்கு சி, சிலருக்கு கே. கடைசி எழுத்து சிலருக்கு ஐ, சிலருக்கு ஒய். தேடுகிறவர் எதைத் தட்டுவார் என்று தெரியாது. உங்கள் பக்கத்தில் இரண்டு மூன்று விதத்தையும் எங்காவது இயல்பாக வரும்படி எழுதிவிடுங்கள்.

ஏஐ-யை வச்சே எழுதிடலாமா?

முதல் வரைவுக்குப் பயன்படுத்துங்கள். ஆனால் அது தலைவர் சொல்லாததை மேற்கோள் குறிக்குள் போடும், நட்சத்திரத்தையும் திதியையும் கூசாமல் மாற்றிச் சொல்லும். பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எங்க பேஸ்புக் பக்கத்தைத் தலைவரோட பேரன் பார்த்துக்கறான். போதும்ல?

பையன் நல்லவனாக இருப்பான். ஒரு சங்கத்தில் தேர்தல் முடிந்து பழைய செயலாளர் கோபித்துக்கொண்டு போனார். பக்கத்தின் சாவி அவரிடம் மட்டும். ஏழாயிரம் பேர் பின்தொடர்ந்த பக்கம், இன்று வரை பழைய கமிட்டியின் படத்தோடு நிற்கிறது. புதிய பக்கம் தொடங்கினார்கள், ஜனங்கள் இன்னும் பழையதற்குத்தான் கேள்வி அனுப்புகிறார்கள், பதில் இல்லை என்று திட்டுகிறார்கள்.

குறைந்தது மூன்று பேருக்கு முழு அதிகாரம், எல்லாருக்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பு. மின்னஞ்சல் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். தேர்தலில் கணக்குப் புத்தகத்தை ஒப்படைக்கும்போது இதையும் ஒப்படைத்ததாகக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். ஒருவர் எழுதினால் இன்னொருவர் படித்த பிறகுதான் வெளியே போக வேண்டும். ஆசிரியர் இல்லாத காலத்துக்கு அதுதான் ஆசிரியர்.

யாரோ எங்களைப் பத்திப் பொய் பரப்பறாங்க. உடனே மறுப்பு போடணுமா?

முதலில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பாருங்கள். ஒரு குரூப்பில் நாலு பேர் பேசுவதற்கு நீங்கள் பக்கத்தில் மறுப்பு போட்டால், தெரியாத ஆயிரம் பேருக்கு நீங்களே சொன்ன மாதிரி ஆகும். அந்தக் குரூப்பிலேயே பதில் சொல்லி முடியுங்கள். பரவிவிட்டது என்றால் தாமதிக்காதீர்கள். பழைய நாளில் அடுத்த இதழ் வரை நேரம் இருந்தது. இப்போது முதல் ஒரு மணி நேரத்தில் ‘கேள்விப்பட்டோம், விசாரிக்கிறோம், மாலை ஆறு மணிக்கு இதே இடத்தில் சொல்கிறோம்’ என்றாவது போட வேண்டும். ஆறு மணிக்குச் சொல்லவும் வேண்டும்.

2021 ஜூலைக் கலவர வாரத்தை நம்மில் யாரும் மறக்கவில்லை. நம் க்வாசூலு-நட்டால் மாகாணத்திலும் கௌட்டெங் மாகாணத்திலுமாக 300 பேருக்கு மேல் இறந்துபோன நாட்கள். எந்தத் தெரு, எந்த நாள் என்று சொல்லாத குரல் பதிவுகள் இரவெல்லாம் வந்தன. எது உண்மை என்று பார்க்க ஓர் இடம் இல்லாததுதான் பாதிப் பயம். அடுத்த வருடம் ஏப்ரல் வெள்ளத்தில் நான் பழகிய ஒரு கமிட்டி வேறு மாதிரி செய்தது. ஒவ்வொரு செய்தியின் முதல் வரியிலும் தேதியும் மணியும். எந்த மண்டபம் திறந்திருக்கிறது, தண்ணீர் லாரி எங்கே நிற்கிறது, அதை யார் நேரில் பார்த்தார்கள். உறுதியாகாததைப் போடவே இல்லை. மற்ற தெருக்காரர்களும் அவர்கள் செய்தியைத்தான் தேடிப் படித்தார்கள்.

மறுப்பில் பொய்யைத் தலைப்பாக வைக்காதீர்கள். ‘அன்னதானத்தில் விஷம் என்பது பொய்’ என்று எழுதினால் விஷம்தான் மனதில் நிற்கும். ‘இன்று அன்னதானத்தில் 600 பேர் சாப்பிட்டார்கள், எல்லாரும் நலம்’ என்று தொடங்குங்கள். ஊரையே தூண்டிவிடுகிற பொய் என்றால் ரியல்411 தளத்தில் புகார் செய்யவும் வழி உண்டு.

கமிட்டித் தலைவர் தன் சொந்தப் பேஸ்புக்ல எழுதறது எங்களை எப்படிப் பாதிக்கும்?

2016 தொடக்கத்தில் இந்த மாகாணத்தின் தென் கடற்கரையில் ஒரு வீட்டுத் தரகர், டர்பன் கடற்கரைக்கு வந்த கறுப்பின மக்களைக் கேவலமாகத் தன் சொந்தப் பக்கத்தில் எழுதினார். சமத்துவ நீதிமன்றம் 150,000 ராண்ட் கட்டச் சொன்னது. அவர் உறுப்பினராக இருந்த கட்சியும் அன்று முழுக்க விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. ‘என் சொந்தக் கருத்து’ என்ற வரி யாரையும் காப்பாற்றவில்லை.

எழுதாதவரும் மாட்டலாம். 2013இல் பிரிட்டோரியாவில் உயர்நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. அவதூறான பதிவில் தன் பெயரை இணைத்திருப்பது தெரிந்தும் விலக்கிக்கொள்ளாதவரையும் அது பொறுப்பாக்கியது. யாராவது உங்கள் கோயிலை இணைத்துத் திட்டிப் பதிவு போட்டால் ‘நாங்கள் எழுதவில்லையே’ என்று இருக்காமல் பெயரை விலக்கிக்கொள்ளுங்கள்.

வழக்கு நடக்குது. வக்கீல் வாயைத் திறக்காதேங்கறார், நீங்க பேசுங்கங்கறீங்க. யார் சொல்றதைக் கேக்கறது?

வழக்கின் விஷயத்தில் வக்கீல் சொல்வதை. ஆனால் ‘கோயில் வழக்கம்போல் திறந்திருக்கும், வகுப்புகள் நடக்கும், வழக்கு பற்றி நீதிமன்றத்தில் பேசுவோம்’ என்று சொல்ல எந்த வக்கீலும் தடுக்க மாட்டார். எழுதி அவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். வெறும் மௌனத்தை ஜனங்கள் தாங்களே எழுதி நிரப்பிக்கொள்வார்கள்.

போட்டது தப்பாப் போச்சு. சத்தம் போடாம அழிச்சிட்டா?

எழுத்துப்பிழை என்றால் திருத்திவிட்டுப் போங்கள். தேதி, நேரம், பெயர், பணம் இவற்றில் தப்பு என்றால் அழிக்காதீர்கள். அதற்குள் யாராவது படம் எடுத்து வைத்திருப்பார், அழித்ததுதான் அப்புறம் செய்தியாகும். பத்திரிகைகள் அந்தக் காலத்திலிருந்தே ஒரு மூலையில் ‘திருத்தம்’ என்று போடும். அதே சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் என்ன போட்டோம், சரியானது எது, எத்தனை மணிக்குத் திருத்தினோம்.

சென்ற முறை எங்கள் பகுதிக் கோயிலில் தீமிதி மாலை ஐந்து என்பதற்குப் பதில் மூன்று என்று போய்விட்டது. காலை 9.40க்குத் திருத்தம் போட்டோம், அனுப்பிய குரூப் எல்லாவற்றிலும் போட்டோம், வாசலில் கையால் எழுதியும் ஒட்டினோம். அப்படியும் மூன்று மணிக்குப் பதினெட்டு பேர் வந்து நின்றார்கள். அவர்களுக்கு நாற்காலி போட்டு மோர் கொடுத்தோம்.